ரிசப்ஷனுக்கு ஆத்தாவை அழைத்தவர்

மோகன்குமாருக்கு முப்பத்தாறு வயது. திண்டுக்கல் நாகல் நகரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. பகலில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டைகளுக்கு லேமினேஷன் போடுகிறார். முகூர்த்த நாட்களிலும் திருவிழாக் காலத்திலும் மேடையில் கீபோர்டு வாசிக்கிறார். இரண்டில் உங்கள் தொழில் எது என்று கேட்டால், யோசிக்காமல் கீபோர்டு என்பார். இரண்டில் எதை அவர் தப்பில்லாமல் செய்கிறார் என்று தெருவைக் கேட்டால், அதுவும் யோசிக்காமல் லேமினேஷன் என்று சொல்லும்.

பூஞ்சாரல் மெல்லிசைக் குழுவில் அவர் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. குழுவை நடத்துபவர் பேகம்பூர் நைனா முகமது. பகலில் தோல் வியாபாரம், மாலையில் பாட்டு. மாரியம்மன் பாட்டை அவர் எடுத்தால் பூசாரிக்கே புல்லரிக்கும் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால் ஆடி மாதத்தில் அவரைப் பிடிக்க முடியாது.

மற்ற வாத்தியக்காரர்கள் செய்யும் தப்புக்கும் கீபோர்டுக்காரர் செய்யும் தப்புக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புல்லாங்குழல்காரர் ஒரு சுரத்தை விட்டால் அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். கீபோர்டில் நூறு பட்டன்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் ஓர் ஊரையே எழுப்பும் சத்தம் காத்திருக்கிறது. அந்தச் சத்தம் எட்டு ஸ்பீக்கர் பெட்டி வழியாகத்தான் வெளியே வரும்.

வேடசந்தூர் பக்கத்தில் ஒரு பெரியவரின் முதலாம் ஆண்டு நினைவு நாள் நடந்தது. உருக்கமான இரண்டு பாட்டுகள் முடிந்து, எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். மோகன்குமாரும் பக்தியோடு கையைக் கட்டினார். கட்டும்போது முழங்கை ஒரு பட்டனில் பட்டது. கைதட்டலும் விசிலும் பந்தலை நிறைத்தன. மேடையில் நின்ற கட்சிக்காரர் ஒருவர் பழக்க தோஷத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, கையும் அசைத்துவிட்டார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் கோபமாக இருப்பது அந்தக் கட்சிக்காரர் மீதுதான். அதை மோகன்குமார் தன் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டமாகக் கருதுகிறார்.

சுருதியை ஏற்றி இறக்க கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. முந்தின பாட்டுக்கு ஏற்றியதை இறக்காமல் விட்டால், அடுத்த பாட்டு எட்டாத உயரத்தில் போய் நின்றுகொள்ளும். குழுவில் பாடும் மணிமேகலைக்கு ஒருமுறை இப்படி நடந்தது. முதல் சரணம் வரை எப்படியோ ஏறினார். அதற்கு மேல் கழுத்து நரம்பு தாங்கவில்லை. மைக்கைக் கூட்டத்தை நோக்கித் திருப்பி, "எல்லாரும் சேந்து பாடுங்க" என்றார். கூட்டம் தன் வசதிக்கு ஏற்ற சுருதியில் பாடியது. கீழே இறங்கியதும் அவர் ஒன்றுதான் சொன்னார்: "அண்ணே, அடுத்த தடவை ஏணியும் சேத்து எடுத்தாந்துருங்க."

ஆனால் மோகன்குமாரை உண்மையில் உடைத்தது பேகம்பூரில் ஒரு நிக்காஹ் விருந்தில் நடந்தது. கடையில் வைத்து விற்பதற்காகக் கீபோர்டிலேயே கம்பெனிக்காரர்கள் மாதிரிக்காக ஓர் இசையைப் பதிந்து வைத்திருப்பார்கள். பட்டனைத் தட்டினால் அது தானாக வாசிக்கும். அன்றைக்கு அதைத் தட்டிவிட்டார். நிறுத்தத் தெரியாமல் இரண்டு நிமிடம் கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்து தோளில் தட்டினார். "மாஷா அல்லாஹ்! இன்னைக்குத்தான் தம்பி உங்க கை பேசிருக்கு."

இவ்வளவு நடந்தும் அவரை நைனா முகமது வெளியே அனுப்பவில்லை. காரணம், அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. புதிதாக யார் குழுவில் சேர்ந்தாலும் முதல் நாள் அதைச் சொல்லிவிடுவார்.

"மேடையில ஒருத்தன் தப்புப் பண்ணா அவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. அம்புட்டுப் பேரும் அந்தத் தப்பையே பண்ணிரணும். ஒருத்தன் பண்ணா அது தப்பு. ஏழு பேரு சேந்து பண்ணா அது நம்ம பாணி. வெளங்குதாலே?"

இந்தச் சட்டத்தால்தான் பூஞ்சாரல் குழுவுக்கு இத்தனை பாணிகள் இருக்கின்றன.

மோகன்குமாரின் மனைவி பவித்ராவுக்குச் சொந்த ஊர் பழனிப் பக்கம் கீரனூர். அவருடைய அப்பா நல்லுசாமிக்கு அங்கே தென்னந்தோப்பு இருக்கிறது. ஆண் பிள்ளை இல்லை. தோப்பைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை வர வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ஆசை. மாப்பிள்ளைக்கு மரம் ஏறத் தெரியாது, மோட்டார் போடத் தெரியாது, தேங்காய் உரிக்கும்போது கட்டை விரலைத்தான் முதலில் உரித்துக்கொள்வார். ஆனாலும் ஒரு மனிதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதைவிட அதெல்லாம் மேல் என்று நல்லுசாமி நினைத்தார். கீபோர்டை அவர் பெட்டி என்றுதான் சொல்வார்.

போன தை மாதம் வந்து உட்கார்ந்துகொண்டு, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"ஏனுங்க மாப்ள, இது தொழிலுங்களா, வெளையாட்டுங்களா? ஒண்ணு சொல்லிப்போடுங்க."

"தொழில்தான் மாமா."

"அப்படின்னா நான் ஒருக்கா வந்து பாக்கறனுங்க. நம்ம தம்பி பையன் ரிசப்ஷனுக்கு உங்க கச்சேரிதானே? அன்னைக்கு ஒரு தப்பு இல்லாம வாசிச்சுட்டீங்கன்னா, அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். தப்பு வந்துச்சுன்னா பெட்டிய வித்துப்போட்டுத் தோப்புக்கு வந்துடோணும்."

"அப்பா, உங்களுக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்?" என்று பவித்ரா கேட்டார்.

"பாட்டு எனக்குத் தெரியாது கண்ணு. கூட்டத்து மூஞ்சி தெரியும். மார்க்கெட்டுல நாப்பது வருஷமா மூஞ்சியப் பாத்துத்தான் காய் வித்திருக்கேன். தப்பு நடந்தா மூஞ்சியில தெரிஞ்சு போயிரும்."

மோகன்குமார் சம்மதித்தார். பதினோரு வருடத்தில் தப்பில்லாமல் ஒரு கச்சேரிகூட வாசித்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சம்மதிக்கவில்லை என்றால் அது விளையாட்டு என்று ஆகிவிடும். அடுத்த மூன்று வாரம் இரவு உணவுக்கு முன்னால் எங்கள் வீட்டுச் சுவர் அதிரும்படி பயிற்சி நடந்தது. ஒரே பாட்டை முப்பது தடவை கேட்டால் எதிர்வீட்டு நாய்க்கும் இடையிசை மனப்பாடம் ஆகிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நல்லுசாமியின் தம்பி ஆண்டிச்சாமி திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் முகேஷ்குமாருக்குக் காலையில் பழனியில் கல்யாணம், மாலையில் பழனி ரோட்டில் ஒரு குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் வரவேற்பு. பவித்ரா அக்காவோடு நானும் போயிருந்தேன். மணமக்கள் உட்காரும் மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை. அதில் மணமக்களை வாழ்த்த வருகிறவர்களின் முகம் இதய வடிவச் சட்டத்துக்குள் தெரியும். இடது பக்கம் சின்ன மேடையில் குழு.

நல்லுசாமி ஆறரை மணிக்கே வந்துவிட்டார். முதல் வரிசையில் ஒரு நாற்காலியை எடுத்து, திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஐந்நூறு பேர் மேடையைப் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் ஐந்நூறு பேரையும் பார்த்தார். பின்வரிசைக்காரர்கள் அவரை மண்டபத்துக் காவலாளி என்று நினைத்து, கழிப்பறைக்கு வழி கேட்டார்கள்.

இதனால் மேடையில் இருந்த மோகன்குமாருக்கு மாமனாரின் முகம் தெரியவில்லை, பின் மண்டை மட்டும்தான் தெரிந்தது. ஒரு பின் மண்டை மகிழ்ச்சியாக இருக்கிறதா, கோபமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் அதையே பார்த்துக்கொண்டு வாசித்தார். பிள்ளையார் பாட்டு சரியாகப் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் சரியாகப் போயின. ரிதம் பேடு வாசிக்கும் பக்ருதீன் ஆச்சரியம் தாங்காமல் குனிந்து கேட்டார்: "என்னப்பு, ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

மூன்றாவது பாட்டு முடிந்தபோது அந்தப் பின் மண்டை மெல்ல மேலும் கீழும் அசைந்தது. தெரிந்தவர் யாரையோ பார்த்து நல்லுசாமி தலையாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் மோகன்குமாருக்கு அது பல்கலைக்கழகப் பட்டம்.

இந்த இடத்தில் கீபோர்டின் ஒரு வசதியைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வகைப் பாட்டுக்கும் தேவையான தாளத்தை ஒரு பட்டனில் சேமித்து வைக்கலாம். தட்டினால் அந்தத் தாளம் தானாக ஓடும், அதன்மேல் இவர் வாசித்தால் போதும். மோகன்குமார் ஐந்தாம் பட்டனில் அம்மன் பாட்டுக்கான பம்பை உடுக்கையை வைத்திருந்தார். ஆறாம் பட்டனில் காதல் டூயட். பட்டன்மேல் எதுவும் எழுதி ஒட்டவில்லை. கேட்டால், "எல்லாம் மண்டையில இருக்கு" என்பார். அன்றைக்கு அவர் மண்டையில் வேறொரு மண்டை இருந்தது.

மணிமேகலை மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக நம் மணமக்களுக்காக, இதயத்தை வருடும் ஓர் இனிய காதல் டூயட்!" என்றார். மாப்பிள்ளை வெட்கப்பட்டார். மணப்பெண் கூந்தலைச் சரிசெய்துகொண்டார். மோகன்குமார் பட்டனைப் பார்க்காமலேயே, ஒரு மேதையைப் போல விரலை வீசித் தட்டினார்.

பம்பை இடித்தது. உடுக்கை படபடத்தது.

அடுத்து ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான்கு பேர் சிரித்திருப்பார்கள், தோப்பு மோகன்குமாருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் குழுவுக்குச் சட்டம் இருக்கிறதே. பக்ருதீன் மோகன்குமாரின் முகத்தைப் பார்க்கவேயில்லை. இரண்டு குச்சியையும் எடுத்துப் பம்பையோடு சேர்ந்துகொண்டார். மணிமேகலை மைக்கில் குலவை போட்டார். காதலியை அழைப்பதற்காக இழுத்து வைத்திருந்த மூச்சை வீணாக்காமல், நைனா முகமது அதே மூச்சில் "ஆத்தா...!" என்று எடுத்தார். ஏழு பேரும் சேர்ந்து தப்பைப் பாணியாக்கிவிட்டார்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட பாணி! ஆடி வெள்ளியில்கூட அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.

மணமக்களுக்குப் பரிசு கொடுக்கும் வரிசையில் நல்லுசாமிக்கும் ஆண்டிச்சாமிக்கும் மூத்தவரான அக்கா ஜக்கம்மாள் நின்றிருந்தார். கையில் குத்துவிளக்குப் பெட்டி. அதைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதையும் அவரிடமே கொடுத்தார். பிறகு கொண்டை அவிழ்ந்தது. மண்டபத்துக்கு நடுவே ஜக்கம்மாள் ஆடத் தொடங்கினார்.

நான் சாமி வருவதைக் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் சாமி வரும். கோயிலில் வந்தால் அதற்குப் பூசாரி இருப்பார், விபூதி இருக்கும், கற்பூரம் இருக்கும், எல்லோருக்கும் என்ன செய்வது என்று தெரியும். இங்கே இருந்தது ரோஜா வாசனை அடிக்கிற ஸ்ப்ரேயும் ஐஸ்கிரீம் ஸ்டாலும்தான். திரையில் இதய வடிவச் சட்டத்துக்குள் ஜக்கம்மாள் தலைவிரி கோலமாக ஆட, கீழே "புதுமணத் தம்பதியர்க்கு வாழ்த்துகள்" என்று தங்க எழுத்து ஓடியது. வீடியோக்காரர், "அம்மா, செத்த நேரம் இந்தப் பக்கம் திரும்பி ஆடுங்க" என்று கேட்டுவிட்டு ஆண்டிச்சாமியிடம் ஓர் அடி வாங்கினார்.

ஆண்டிச்சாமி ஓடிவந்து கைகூப்பினார். "ஆத்தா, மலையேறுங்க ஆத்தா. கொறை இருந்தாச் சொல்லுங்க."

"கொறையாடா கேக்கற? என்னைய மொறையாக் கூப்பிட்டியா?"

"கோயில்ல மொதப் பத்திரிகை வெச்சமுங்களே ஆத்தா!"

"கோயில்ல வெச்ச. மூத்தவ வூட்டுல தட்டு வெச்சியாடா? வெத்தல பாக்கு வெச்சியாடா? வாட்ஸ்அப்புல அனுப்புன! அதுவும் ரெண்டாம் பக்கம் தெறக்கவேயில்ல!"

கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஆண்டிச்சாமியின் மனைவியைப் பார்த்தார்கள். பத்திரிகை விஷயம் ஆத்தாவுக்கு இவ்வளவு விவரமாகத் தெரிந்திருப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆண்டிச்சாமி மட்டும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மண்டபத்துத் தரை வழுவழுப்பானது. விழுந்தவர் ஓரடி முன்னால் வழுக்கிப் போய் நின்றார்.

மாப்பிள்ளை முகேஷ்குமார் மணமேடையிலிருந்து மாலையோடு ஓடிவந்து மோகன்குமாரின் காதில் கெஞ்சினார். "அண்ணே, ஆஃப் பண்ணுங்கண்ணே! பொண்ணு வீட்டுக்காரங்க பயந்துபோய்ப் பாக்குறாங்க."

மோகன்குமார் கையை எடுக்கப் போனார். நைனா முகமது பாட்டுக்கு நடுவே மைக்கை மூடிக்கொண்டு சீறினார். "கைய எடுத்தே, தொலஞ்ச! சாமி நிக்கும்போது பம்பைய நிறுத்தக் கூடாதுலே. எத்தன கோயில்ல பாடிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். சாமி ஆடிக்கொண்டிருக்கும்போது அடியைப் படக்கென்று நிறுத்தினால் ஆடுகிறவர் அப்படியே சரிந்து விழுவார். ஜக்கம்மாளுக்கு அறுபத்தைந்து வயது. தரை வேறு அப்படிப்பட்ட தரை.

இதற்கிடையில் நல்லுசாமி தன் நாற்காலியைத் திருப்பிவிட்டார். முதல் தடவையாகத் தன் மாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின் மண்டையைவிட அது மோசமாக இருந்தது. மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது. கீபோர்டு போயிற்று. நாளையிலிருந்து மோட்டார் போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் போவதற்கு முன்னால் எதிரே ஒரு வயதான அம்மா ஆடிக்கொண்டிருக்கிறார். பவித்ரா அக்கா சமையற்கட்டிலிருந்து ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். யாரோ வண்டி நிறுத்துமிடத்து வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்தார்கள். எதற்கும் ஆட்டம் அடங்கவில்லை. அடி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி அடங்கும்? இயந்திரத்துக்குக் களைப்பு கிடையாது. விட்டால் விடியும்வரை இடிக்கும்.

மோகன்குமார் வலது கையால் வாசித்துக்கொண்டே, தாளத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இடது கையை வைத்தார். ஜக்கம்மாளின் பாதத்தைப் பார்த்தார். ஒரு சுற்று ஆடி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், யாருக்கும் தெரியாதபடி ஒரு நூல் குறைத்தார். அந்தப் பாதம் அந்த வேகத்துக்குப் பழகும்வரை காத்திருந்தார். மறுபடி ஒரு நூல். அவசரப்பட்டு இரண்டு நூல் குறைத்தபோது ஜக்கம்மாள் நிமிர்ந்து முறைத்தார். உடனே ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். நைனா முகமதுவின் பாட்டும் பக்ருதீனின் குச்சியும் அறியாமலேயே அவர் பின்னால் இறங்கின. இருபத்திரண்டு நிமிடம் இப்படிப் போனது. கடைசியில் பம்பை தாலாட்டுப் போல ஆனது. ஜக்கம்மாள் அப்படியே நடந்துபோய், முதல் வரிசையில் ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோகன்குமார் பட்டனை அணைத்தார். கூட்டம் நைனா முகமதுவுக்குக் கைதட்டியது.

பந்தியில் நல்லுசாமி மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிர் வரிசையில் பவித்ராவும் ஜக்கம்மாளும் நானும் இருந்தோம். சாம்பார் சாதம் முடிந்தது. அதன்பிறகு நல்லுசாமி தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, நாப்பது வருஷத்துல இப்பேர்ப்பட்ட மூஞ்சிகளை நான் பாத்ததில்லைங்க. அம்புட்டுப் பேரு மூஞ்சியிலயும் பக்திங்க. இது நீங்க வாசிச்சது இல்லை. ஆத்தா உங்க கையப் புடிச்சுத் தட்டியிருக்கறா."

மோகன்குமாருக்குச் சோறு இறங்கியது. பிழைத்துவிட்டோம் என்று நினைத்தார்.

"அதனால," என்று நல்லுசாமி தொடர்ந்தார், "இதைய வெச்சுச் சம்பாதிக்கறது தப்புங்க. தொழிலுன்னா நாம செய்யறது. இது அவ செய்யறது. வருஷா வருஷம் நம்மூரு மாரியம்மன் நோம்பிக்கு வந்து சும்மா வாசிச்சுக் குடுங்க. மத்த நாளைக்குத் தோப்பப் பாத்துக்கலாமுங்க."

மோகன்குமார் இலையிலிருந்து கையை எடுத்தார். பதினோரு வருடமாகத் தன் தப்புகளை மறைப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது அந்தத் தப்பு தன்னுடையதுதான் என்று நிரூபித்தால்தான் கீபோர்டு அவருடையதாக இருக்கும்.

"மாமா, அவ தட்டலை. நான்தான் தட்டுனேன். ஆறை அமுக்கறதுக்குப் பதிலா அஞ்சை அமுக்கிட்டேன். உங்க பின் மண்டையப் பாத்துக்கிட்டே அமுக்குனேன். சுத்தமான தப்பு மாமா, எந்தக் கலப்படமும் இல்ல."

"அப்படீங்களா?" நல்லுசாமி ரசத்துக்குக் குழி பறித்தார். "தப்புன்னா பேசுனபடி வித்துப்போட வேண்டியதுதானுங்களே."

ஆத்தா என்றாலும் தோப்பு, தப்பு என்றாலும் தோப்பு. எப்படிப் போட்டாலும் தேங்காய்தான் விழுந்தது. பந்தி பரிமாறுகிறவர் அப்பளத்தோடு வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வைக்காமலே போய்விட்டார்.

"அப்பா," என்றார் பவித்ரா. "வர வெச்சது தப்பாவே இருக்கட்டும். அத்தையத் திருப்பி உக்கார வெச்சது ஆருங்க?"

"அவளா மலையேறுனா."

"இல்லீங்கப்பா. நீங்க எல்லாரும் அத்தை மூஞ்சியப் பாத்தீங்க. நான் இவரு கையப் பாத்தேன். அந்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் திருப்பி இவருதான் எறக்குனாரு. ஒருக்கா அவசரப்பட்டு மறுபடி ஏத்துனாரு. அதுவும் பாத்தேன்."

நல்லுசாமி நம்பவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். ஜக்கம்மாள் அவ்வளவு நேரமும் யாருடைய பேச்சையும் கேட்காதவர்போல மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு முழங்காலைத் தடவினார்.

"நம்மூருப் பம்பைக்காரன் இருக்கறானே, அவன் சோத்துக்கு நேரமாச்சுன்னாப் படக்குனு நிறுத்திப்போடுவான். நான் தொபுக்கடீர்னு உழுவேன். மூணு நாளைக்கு முட்டி நீட்ட முடியாது. இன்னைக்குப் பாரு." காலை நீட்டி மடக்கிக் காட்டினார். "நோவே இல்லை. ஒரு கொழந்தைய எறக்கி விட்டாப்பல எறக்கி விட்டாங்க உம் மாப்ள. அதெல்லாம் ஆத்தா செய்ய மாட்டா நல்லு. அவளுக்கு வரத்தான் தெரியும்."

நல்லுசாமி மாப்பிள்ளையின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற மாதிரி. பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "மாப்ளைக்கு அப்பளம் வைக்கலீங்க பாருங்க" என்றார்.

கீபோர்டு விற்கப்படவில்லை. மோகன்குமார் தோப்பிலிருந்து தப்பித்துவிட்டார், மாமனாரிடமிருந்துதான் தப்பிக்கவில்லை. ஒரு மாலை பார்த்தது போதாது, ஒரு வருடம் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்று நல்லுசாமி அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த ஊரில் பூஞ்சாரல் குழு வாசித்தாலும், கீரனூரிலிருந்து பஸ் பிடித்து, தூக்குவாளியில் தயிர்சாதத்தோடு வந்துவிடுகிறார். முதல் வரிசையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கூட்டத்தைப் பார்த்து உட்காருகிறார். நைனா முகமதுவுக்கு அவரைப் பிடித்துப்போய், கச்சேரி பேச வருகிறவர்களிடம் அவரைக் குழுவின் ஆலோசகர் என்று அறிமுகம் செய்கிறார்.

போன வாரம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு காதுகுத்து. மேடையைவிட்டு வியர்வையோடு இறங்கிய மோகன்குமாரை அவர் படிக்கட்டிலேயே நிறுத்தினார்.

"நல்லா இருந்துச்சுங்க மாப்ள. ஆனா மூணாவது பாட்டுல நாலு பேரு எந்திரிச்சுப் போனாங்க. பின்னாடியே போய்ப் பாத்தனுங்க. ரெண்டு பேரு பாத்ரூமு. மீதி ரெண்டு பேருக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்."